டோரத்தி கேட்ட மைலேஜ்

கார் விற்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் முதல் காரை நான் விற்றபோது எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சிரிக்காதீர்கள். அப்போது எங்கள் கடைக்குக் கார் ஓட்டுபவர் தேவைப்படவில்லை, இங்கிலீஷ் பேசுபவர்தான் தேவைப்பட்டார். கடை ஜெர்மனியின் தென்மேற்கே ஒரு சிறிய ஊரில் இருந்தது. ஊரை ஒட்டி அமெரிக்க ராணுவ முகாம். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்களும் அவர்கள் மனைவிமாரும்தான். முதலாளிக்கோ இங்கிலீஷில் ‘குட் மார்னிங்’ தாண்டி எதுவும் வராது. அதையும் சாயங்காலத்தில்தான் சொல்வார்.

என் கணவர் ஆராய்ச்சிக்காக அந்தப் பக்கம் வந்தவர். அவர் பின்னாலேயே மதுரையிலிருந்து நானும் வந்து சேர்ந்தேன். வீட்டில் உட்கார்ந்து பனியை எத்தனை நாள் பார்ப்பது? வகுப்புக்குப் போய்க் கற்ற அரைகுறை ஜெர்மன் கையில் இருந்தது. கடைக் கண்ணாடியில் ‘ஆங்கிலம் தெரிந்தவர் தேவை’ என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டேன். அங்கே எல்லாரும் முதலாளியை ‘ஷெஃப்’ என்று கூப்பிட்டார்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு முதலாளி என்று அர்த்தம். நான் அவரைச் சமையல்காரர் என்று நினைத்து, மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்தேன். அவர் கோபப்படாமல் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

நாங்கள் விற்றது குட்டிக் கார். நான் அதைத் தீப்பெட்டி என்பேன். நாலு பேர் உட்காரலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அந்த நாலு பேரும் ஒருவருக்கொருவர் நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் போடாமல் விட்டிருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அமெரிக்க மேஜர் வந்தார். அவர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்திருந்த கார் எங்கள் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. ரொட்டிக்கடைச் சந்தில் திரும்ப முடியாமல் மாட்டி, இரண்டு பக்கச் சுவரிலும் உரசிக்கொண்டு வந்திருந்தார். ஊரார் வேறு திட்டியிருந்தார்கள். அந்த எரிச்சலோடு கடைக்குள் வந்தவர், தீப்பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“இது முழுக் காரா, முன்பாதி மட்டுமா? மிச்சம் எப்போது வரும்?” என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஷெஃப் வழக்கம்போல இன்ஜினைப் பற்றி ஆரம்பித்தார், நான் மொழிபெயர்த்தேன். மேஜர் எதையும் காதில் வாங்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கின் இரு பக்கமும் எழும்பி நின்றன. தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, அந்த ரொட்டிக்கடைச் சந்துக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தார். இறங்கியவர், “எடுத்துக்கொள்கிறேன்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் சைக்கிள் வைத்திருப்பவன் ஸ்கூட்டருக்கு ஏங்குவான், ஸ்கூட்டர் வைத்திருப்பவன் காருக்கு ஏங்குவான். இந்த மனிதர் கப்பல் மாதிரிக் காரை வைத்துக்கொண்டு தீப்பெட்டிக்கு ஆசைப்படுகிறாரே! வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவரும் நம்பவில்லை.

பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது. கப்பல் காரை வைத்திருந்தால் அதற்கு இடம் தேடியே ஆயுசு போய்விடும். தீப்பெட்டி என்றால் கடைவாசலில், மரத்தடியில், இரண்டு கார்களுக்கு நடுவிலிருக்கும் சந்தில் என்று எங்கும் செருகிவிடலாம். பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடிவிடும். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெரிய காரைக் கணவர் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போய்விட்டால், மனைவி குடியிருப்பிலேயே அடைந்து கிடக்க வேண்டும். மொழி தெரியாத ஊர், பஸ்ஸும் பழக்கமில்லை. “என் அளவுக்கு என்று செய்த முதல் கார் இதுதான்” என்று ஒரு பெண் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஆகவே, வாடிக்கையாளர் காரைப் பார்த்துச் சிரித்தால் ரோஷப்படாதீர்கள். சிரிக்கிறவருக்கு ஏற்கெனவே பாதி பிடித்துவிட்டது. ஒன்றுமே சொல்லாமல் தலையாட்டிக்கொண்டு கேட்பவர்தான் வாங்க மாட்டார்.

இப்போது குணம் என்ற பையனின் கதைக்கு வருகிறேன். உங்களுக்கு நான் உண்மையில் சொல்ல வந்தது இதைத்தான்.

எழுபதுகளின் முற்பாதியில் ஒரு குளிர்காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கார் எடுக்கக் கூடாது என்று ஜெர்மன் அரசாங்கம் சொல்லிவிட்டது. கார்கள் பறந்த நெடுஞ்சாலையில் ஜனங்கள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தேன். டாலரின் மதிப்பும் அப்போது இறங்கிப்போயிருந்தது. முகாமில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தீப்பெட்டி மேல் காதல் வந்தது. புதுக் காருக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால் ஷெஃப் பழைய கார்களை எங்கெங்கிருந்தோ பிடித்துவந்து, பெயிண்ட் அடித்து நிறுத்தினார். என்னால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. அதனால் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த குணத்தை விற்பனைக்கு அழைத்துக்கொண்டார்.

குணம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்ல இங்கிலீஷ், அதைவிட நல்ல சிரிப்பு. என்னைவிடச் சில வயது இளையவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு அந்த நாட்டில் தங்க விசா கொடுத்திருந்ததே இந்த வேலையை வைத்துத்தான். வேலை போனால் விசாவும் போகும். அதனால் ஷெஃப் தும்மினால்கூட இவன் எழுந்து நிற்பான்.

டோரத்தி ஒரு சார்ஜென்ட்டின் மனைவி. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ராணுவ மருத்துவமனையில் நர்ஸ். அவரை அழைத்துப்போய்க்கொண்டிருந்த தோழி மாற்றலாகிப் போய்விட்டதால், கார் இல்லாமல் வேலைக்குப் போக வழியில்லை. பழைய தீப்பெட்டி ஒன்றைக் குணம்தான் அவருக்கு விற்றான். நான் அப்போது வேறொரு குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். டோரத்தி கைகுலுக்கிவிட்டு உற்சாகமாக ஓட்டிக்கொண்டு போனதை மட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் கதவு படாரென்று திறந்தது. டோரத்தி நின்றார். கூடவே அவருடைய கணவரும், முகாமில் இந்த மாதிரிப் புகார்களைக் கவனிக்கும் கேப்டனும்.

மலை ஏற்றத்தில், கொட்டும் பனியில், கிளட்ச் முழுதாகப் போய் கார் நின்றுவிட்டதாம். பின் சீட்டில் அவர்களுடைய சின்ன மகள். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுச் சாலை. கடைசியில் வனக்காவலர் ஒருவர் கண்டு கூட்டிப்போகும்போது குழந்தைக்கு விரல்கள் நீலம் பாரித்திருந்தனவாம். ஒன்றும் ஆகவில்லை, பிழைத்தது. ஆனால் அதைச் சொல்லும்போது ஒரு நர்ஸுக்கே குரல் நடுங்கியது.

“இந்த மீட்டரை நம்பக் கூடாது, எண்கள் தீர்ந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவனிடம் வாய்விட்டுக் கேட்டேன், மைலேஜ் என்ன என்று. நாற்பத்தைந்து என்றான். கேரண்டி என்றான்!” டோரத்தி குணத்தைச் சுட்டிக் காட்டினார். “முகாம் மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். நாற்பத்தைந்தாயிரம் மைல் ஓடிய காரின் கிளட்ச் இப்படி இருக்காதாம். இவன் பொய்யன்.”

கேப்டன் நிதானமாகப் பேசினார். விற்பனையாளர் பொய் சொன்னது நிச்சயமானால், முகாமைச் சேர்ந்த யாரும் இந்தக் கடைப்படி ஏறக் கூடாது என்று அறிவித்துவிடுவாராம். அப்படி அறிவித்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஷெஃப் சிவந்துபோய்விட்டார்.

“இவனை இப்போதே வேலையை விட்டு நிறுத்திவிட்டேன் என்று சொல்” என்றார் என்னிடம். “வெளிநாட்டுக்காரன், தெரியாமல் சேர்த்துக்கொண்டேன் என்று சொல்.”

அந்த அறையில் நானும் ஒரு வெளிநாட்டுக்காரிதான் என்பது அவருக்கு நினைவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் குணத்தின் பக்கம் திரும்பினேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“குணம், அவங்க என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே? அப்படியே சொல்லு.”

“மைலேஜ் என்ன எண்டு கேட்டவ அக்கா. நாப்பத்தஞ்சு தரும் எண்டு சொன்னனான். நான் பொய் சொல்லேல்லை. அந்தக் கார் நாப்பத்தஞ்சு தரும்தானே?”

தரும்! அந்த ஒரு சொல் என்னைப் பிடித்து உலுக்கியது. நம்மூரில் மைலேஜ் என்றால் என்ன? ஒரு கேலன் பெட்ரோலுக்கு வண்டி எவ்வளவு தூரம் தரும் என்பது. ஸ்கூட்டர் வாங்கப் போகிற நம் ஆள் முதலில் கேட்பதே அதுதான். அமெரிக்கப் பெண்மணி பழைய காரின் பக்கத்தில் நின்று மைலேஜ் கேட்டால், அது இதுவரை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்ற கேள்வி. அவர் ஓடியதைக் கேட்டிருக்கிறார். இவன் தருவதைச் சொல்லியிருக்கிறான். ஒரே சொல்லின் இரண்டு பக்கத்தில் இரண்டு பேரும் நின்று கைகுலுக்கியிருக்கிறார்கள்.

“ரகசியம் பேச வேண்டாம்” என்று கேப்டன் அதட்டினார். “இங்கிலீஷில் பேசுங்கள்.”

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். எனக்கு விடை தெரிந்துவிட்டது. உடனே கொட்டிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. ஆனால் யார் நம்புவார்கள்? இருவரும் தமிழில் குசுகுசுத்தார்கள், அடுத்த நிமிஷமே ஒரு வசதியான விளக்கம் வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கோபத்தில் இருப்பவரிடம் விளக்கம் சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும். அவர் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

கடை நடுவில் புதுக் கார் ஒன்று நின்றது. தொழிற்சாலையிலிருந்து முந்தின நாள் வந்தது. சீட்டின் உறைகூடக் கழற்றவில்லை.

“டோரத்தி, அன்றைக்கு எப்படிக் கேட்டீர்களோ, அதே மாதிரி இந்தக் காரைக் காட்டி இவரிடம் கேளுங்கள்” என்றேன்.

“எதற்கு இந்த விளையாட்டு?” என்றார் அவருடைய கணவர்.

“ஒரே ஒரு தடவை.”

டோரத்தி வேண்டாவெறுப்பாகக் காரின் பக்கம் போனார். “இதன் மைலேஜ் என்ன?”

குணம் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். கண்ணால் ஜாடை காட்டினாலும் காரியம் கெட்டுவிடும். பயத்தில் இவன் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டாலோ, மீட்டரை எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டாலோ எல்லாம் போச்சு.

“நாற்பத்தெட்டு, மேடம்” என்றான் குணம். அப்புறம் தயங்கி, “ஆனால் இனிமேல் நான் கேரண்டி சொல்ல மாட்டேன்” என்றான்.

கேப்டன் குனிந்து ஜன்னல் வழியாக மீட்டரைப் பார்த்தார். வரிசையாகப் பூஜ்யம். நிமிர்ந்து குணத்தைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். “கடவுளே, இவன் பெட்ரோல் கணக்கைச் சொல்கிறான்” என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்போதுதான் நான் விளக்கினேன். சார்ஜென்ட் சிரித்தேவிட்டார். விஷயம் புரிந்த ஷெஃப், குணத்தின் முதுகில் தட்டிக்கொடுத்து, எல்லாருக்கும் காபி போடச் சொன்னார். நான் பக்கத்திலிருந்த டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

டோரத்தி மட்டும் சிரிக்கவில்லை.

“சரி, அன்றைக்கு நான் சரியாகக் கேட்கவில்லை” என்றார். “இப்போது சரியாகக் கேட்கிறேன். அந்தக் கார் என் கைக்கு வருவதற்கு முன்னால் யாரிடம் இருந்தது? எவ்வளவு ஓடியது? இங்கே யாருக்காவது தெரியுமா?”

நான் அதை ஜெர்மனில் சொன்னேன். ஷெஃப் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். “பழைய காரைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? தெரியாது என்று சொல்” என்றார். சொல்லிவிட்டு, என்னை விட்டுவிட்டுக் குணத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இவனுக்குத் தெரியும்!

“அக்கா…” குணம் என் பக்கம் திரும்பினான். “சொல்லட்டோ? சொன்னா வேலை போகும், விசாவும் போகும். ஆனா அந்தப் பிள்ளை பனிக்குள்ள இருந்ததை நினைக்க என்னாலை ஏலாமல் கிடக்கு.”

“இங்கிலீஷ்!” என்றார் கேப்டன்.

நான் என்ன சொல்ல முடியும்? விசா என்னுடையது இல்லை, அவனுடையது. சொல்லு என்று நான் சுலபமாகச் சொல்லிவிடலாம், போவது அவன் பிழைப்பு. “முடிவு உன்னுடையது குணம். நீ எதைச் சொன்னாலும் நான் உன் பக்கம்” என்றேன். இதைத் தமிழில் சொல்லிவிட்டு இங்கிலீஷிலும் சொன்னேன்.

குணம் டோரத்தியை நேராகப் பார்த்தான்.

“அது டிரைவிங் ஸ்கூல் கார், மேடம். கற்றுக்கொடுப்பவருக்கு ஒரு செட் பெடல் தனியாக இருக்கும். விற்பனைக்கு நிறுத்தும் முன்னால் அந்தப் பெடல்களைக் கழற்றியது நான்தான். எத்தனை பேர் அதில் கிளட்ச் மிதித்துப் பழகினார்களோ, எனக்குத் தெரியாது. மீட்டர் ஒரு தடவைக்கு மேல் சுற்றிவிட்டது என்று மட்டும் தெரியும். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.”

அவ்வளவு நாள் அந்தக் கடையில் இருந்தும் எனக்கு இது தெரியாது. எத்தனை கார்களை இப்படி என் வாயாலேயே புகழ்ந்திருக்கிறேனோ என்று பகீரென்றது.

கேப்டன் டோரத்தியிடம், “புகார் எழுதுவது உங்கள் விருப்பம்” என்றார். டோரத்தி குணத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, “கிளட்ச்சைப் புதிதாக மாற்றிக் கொடுக்கட்டும். எனக்குக் கார் வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. புகார் எழுதவில்லை” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஷெஃப் வாசல் வரை ஓடிப்போய்க் குனிந்து குனிந்து நன்றி சொன்னார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை நான் வந்தபோது குணம் வாசலில் தன் பையோடு நின்றான்.

“என்னைப் போகச் சொல்லிப்போட்டார் அக்கா.”

முந்தின நாள் பொய் சொன்னான் என்று வேலையை விட்டுத் தூக்க நின்ற மனிதர், மறுநாள் உண்மையைச் சொன்னான் என்று தூக்கிவிட்டார். உள்ளே போய் ஷெஃப்பிடம் கத்தினேன். அவர் அமைதியாக, “கடையின் விஷயத்தை வெளியே சொல்பவன் எனக்கு வேண்டாம்” என்றார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் வசவு இரண்டுதான். இரண்டையும் சொன்னேன். பலனில்லை. அன்றைக்கே நானும் வேலையை விட்டிருக்க வேண்டும் என்பீர்கள். குணம்தான், “நீங்களும் போனா அந்தச் சனத்துக்குச் சரியாச் சொல்ல ஆர் இருக்கினம்? நில்லுங்கோ அக்கா” என்று தடுத்தான்.

அந்த வாரக் கடைசியில் டோரத்தி காரை எடுத்துக்கொள்ள வந்தார். கையில் கேக் டப்பா. “குணம் எங்கே? என் மகள் கொடுத்தனுப்பினாள்” என்றார்.

வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றேன்.

“பொய் சொன்னான் என்றா? அதுதான் இல்லை என்று ஆகிவிட்டதே!”

“இல்லை. உண்மையைச் சொன்னான் என்று.”

டோரத்தி கேக் டப்பாவை ஒரு காரின் மேல் வைத்தார். பிறகு நேராக ஷெஃப்பின் மேசைக்குப் போனார். “நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் இவரிடம் சொல்” என்றார் என்னிடம்.

“நான் புகார் எழுதாமல் விட்டேன். உங்களுக்காக இல்லை, உங்கள் கிளட்ச்சுக்காகவும் இல்லை. இந்தக் கடையில் ஒருவனாவது என்னிடம் உண்மையைச் சொன்னான் என்பதற்காக விட்டேன். காரணம் அவன் ஒருவன்தான். அவன் இங்கே இல்லையென்றால், நான் எழுதாமல் இருப்பதற்குக் காரணமும் இல்லை. கேப்டன் திங்கட்கிழமை அலுவலகத்தில் இருப்பார்.”

என் ஜென்மத்தில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. ஒரு கமாகூட விடவில்லை.

ஷெஃப் முதலில் சிவந்தார், பிறகு வெளுத்தார். ஜன்னல் வழியே முகாம் இருந்த திசையைப் பார்த்தார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார், தொப்பியை எடுத்தார், தன் பெரிய காரின் சாவியையும் எடுத்துக்கொண்டார். கதவு வரைக்கும் விடுவிடுவென்று போனவர் அங்கேயே நின்று, என் பக்கம் திரும்பினார். குணம் அந்தக் கடையின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

“அவன் எங்கே குடியிருக்கிறான்?” என்று கேட்டார்.